வசம்பு தொப்புளச் சுத்தி இருக்கட்டும், நாக்குல வேண்டாம்ங்க

கோபி பக்கம் சித்த வைத்தியம் பாக்கறேன்ங்க. போன ஐப்பசில ஒரு ராத்திரி, நாப்பது நாள் குழந்தையத் தூக்கிட்டு ஒரு அம்மிச்சி ஓடி வந்தாங்க, ஆறேழு தடவை வாந்தி, குழந்தை துவண்டு போய் கண்ணே தொறக்கல, என்ன குடுத்தீங்கன்னு கேட்டா "ஒண்ணுமில்லீங்க சாமி, அந்த பேர் சொல்லாதது தான் துளி குடுத்தேன்"ங்கறாங்க. ராத்திரில வசம்புன்னு வாயால சொல்லக் கூடாதுன்னு பழக்கமில்லீங்களா, அதான். மடியில இருந்து எடுத்துக் காட்டுனா பொடி பாக்கெட், கால் ஸ்பூன் தாய்ப்பால்ல கலக்கி ஊத்தியிருக்காங்க. நான் எந்த மருந்தும் தொடல, உடனே கார் புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன், ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனதுக்கப்புறம் தான் குழந்தை தேறுச்சு.

"எங்க காலத்துல எல்லாருந்தான் குடுத்தோம்"னு அந்தம்மா அழுதாங்க. அவங்க சொல்றது பொய்யில்லீங்க. ஆனா அவங்க ஆத்தா செஞ்சது வேற, முழு வசம்பை விளக்கெண்ணெய் தீபத்துல கருக சுட்டு, உரைகல்லுல தாய்ப்பால் விட்டு ஒரே ஒரு இழைப்பு, விரல் நுனியில ஒட்டுன அளவு தான். கடைப் பொடி சுடாத பச்சை வசம்பா இருக்கும், கால் ஸ்பூன்னா அந்த ஒரு இழைப்பு மாதிரி எத்தனையோ மடங்கு. சுட்டுட்டா பயமில்லைன்னும் நெனச்சுக்காதீங்க, மேல கரியா இருக்கற துண்ட ஒடச்சா உள்ள வேகாம வெளுப்பா இருக்கறத நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

வசம்போட அந்தக் காரமான வாசனை இருக்கே, அந்த எண்ணெய்லயே தான் பீட்டா அசரோன்னு ஒரு ரசாயனம் இருக்குது, நம்ம நாட்டு வசம்புல அது ரொம்ப ஜாஸ்தி. எலிகளுக்குக் குடுத்துப் பாத்ததுல கட்டி வந்ததால அமெரிக்கால 1968லயே சாப்பாட்டுல வசம்பு சேக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்றதுன்னு தள்ளுனாலும், வாந்தி எடுக்க வெக்கறதுக்குன்னே வசம்பு குடுக்கறது நம்ம வைத்தியத்துலயே இருக்குதுங்க, அப்பறம் மூணு நாலு கிலோ இருக்கற புள்ளைக்கு அத ஊத்துனா என்ன ஆகும்?

வசம்பு மேல எனக்குக் கோவமில்லீங்க, பிள்ளை வளர்ப்பான்னு சும்மா பேர் வெக்கல. வயிறு உப்பி அழுதா, சுட்ட வசம்பை விளக்கெண்ணெய்ல இழைச்சு தொப்புளச் சுத்தி மெல்லிசா தடவுங்க, தொப்புள்கொடி விழுந்து புண் ஆறுன பிறகு மட்டும். செவந்தா தொடச்சு விட்டுருங்க. கை வாய்க்குப் போற வயசுல வசம்பு வளையல் வேண்டாம், மணி கழண்டு தொண்டையில சிக்குனா ஆபத்து. மாசமா இருக்கறவங்களும் உள்ளுக்குச் சாப்புடாதீங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், சாயங்காலமானா வர்ற அந்த வயித்து அழுகை பெரும்பாலும் மூணு நாலு மாசத்துல தானா நின்னுரும்.

பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல், பால் குடிக்காம சோர்ந்து கெடக்கறதுன்னா தொப்புள்ல தடவிட்டுக்கூட காத்திருக்காதீங்க, எங்கிட்டயும் வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏற்கனவே வாயில குடுத்துட்டீங்கன்னா திட்டுவாங்கன்னு மறைக்காம அந்த பாக்கெட்டையும் கையோட கொண்டு போயிக் காட்டுங்க.