வடகடலா, தென்கடலா: இராமேசுவரத்துக்கு மறுபடியும் வருகிறவர்களுக்கு

இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் முறை வருகிறவர்களை அழைத்துச் செல்வதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. எதைப் பார்க்க வந்தார்களோ அதைக் காட்டினால் போதும். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடித் தேவாலயச் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொண்டு, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு அவர்கள் நிறைவோடு திரும்புவார்கள். நான்காவது, ஐந்தாவது முறை வருகிறவர்கள்தாம் வண்டியில் ஏறியதும், "எல்லாம் பார்த்தாயிற்று, புதிதாக ஏதாவது காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

அவர்கள் பார்த்தது எல்லாம் ஒரே நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரையுள்ள ஏறத்தாழ 55 கிலோமீட்டரை அவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூக்கத்தில் கடக்கிறார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் இரண்டு கடல்கள் இருக்கின்றன என்பதும், எந்த மாதத்தில் எந்தக் கடலை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதை இங்கே காற்றுதான் முடிவு செய்கிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. பயண ஏற்பாட்டாளர்கள் தரும் பட்டியல்கள் ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்தக் கரையைப் பொறுத்தவரை அது பெரிய தவறு.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வதும் உண்டு. தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம்போல் அமர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், ஒரு ஜூலை மாதம், மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தென்கடலோரத்தில் உள்ள சேதுக்கரைக்கு அழைத்துப் போனேன். கச்சான் என்று இங்கே சொல்லும் அந்தத் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது; அலையின் அருகில்கூடப் போக முடியாமல், கொண்டுவந்த புளியோதரையை வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இந்தக் காத்துல இங்க எதுக்குக் கூட்டியாந்த? வடக்க போயிருக்கலாம்ல" என்று கேட்டார். அன்று வடகடலோரத் தேவிபட்டினத்தில், நவக்கிரகங்களாக வழிபடும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிக் கடல் அசையாமல் கிடந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குப் பின், பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு மீனவரிடம் கேட்காமல் நான் திட்டம் போடுவதில்லை.

ஆகவே கச்சான் மாதங்களில் வருகிறவர்களை நான் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியை நோக்கி அழைத்துச் செல்கிறேன். தேவிபட்டினத்தைத் தாண்டிச் சென்றால் காரங்காடு என்ற சிற்றூர் வரும். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் அமைந்துள்ள அலையாத்திக் காடு அது. வனத்துறையின் ஏற்பாட்டில் ஊர் மக்களே படகு செலுத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். துடுப்புப் படகில் நாமே செல்லவும் வசதி உண்டு. பிச்சாவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதன் சிறிய பரப்பைக் கண்டு ஏமாறுவதுண்டு. ஆனால் இங்கே பார்க்க வேண்டியவை வேறு. சேற்றிலிருந்து விரல்கள்போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களையும், அவற்றின் இடுக்கில் ஓடி ஒளியும் நண்டுகளையும், படகு ஆற்று முகத்தைக் கடந்து வெளியேறும்போது நீரின் நிறம் பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறும் அந்தக் கோட்டையும் பார்ப்பதற்கு அவசரப்படாத ஒன்றரை மணி நேரம் வேண்டும். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து பறவைகளை உள்ளே விரட்டிவிடும். பறவைகளுக்காகவே வருவதானால் அக்டோபருக்குப் பிறகு வாருங்கள். அந்த மாதங்களில் கடலுக்குள் படகு போகாவிட்டாலும் ஆற்றுக்குள் போகும்.

மீன் இறங்குதளங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகாலையில் ஏலம் நடக்கும் தளத்தைப் பார்க்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள், ஆனால் பாதிப் பேர் வெறும் தளத்தைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளும் மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளும் செல்வது என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. விசைப்படகு போன நாளுக்கு மறுநாள் விடியற்காலையில்தான் இராமேசுவரம் தளம் நிரம்பியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது படகுகளைக் கரையேற்றி மராமத்து செய்வார்கள், அதுவும் பார்க்கத் தக்கதே. எல்லை தாண்டியதாகச் சொல்லி மீனவர்கள் சிறைபிடிக்கப்பட்டு, வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களில் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிடிபட்டவர்களின் வீட்டார். ஏலம் நடக்கும்போதும் கூடைக்கும் தராசுக்கும் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். அங்கே ஒரு நிமிடத் தாமதம் என்பது விலை இறங்குவது.

வாடைக் காற்றும் மழையும் உள்ள மாதங்களில் முதலில் இராமநாதபுரம் நகருக்குள்ளேயே ஒரு காலைப்பொழுதைச் செலவிடச் சொல்வேன். உள்ளூர்க்காரர்களே பலர் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்ததோடு மறந்துவிட்ட இடம், அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசம். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் தலைநகர் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாறியது கிழவன் சேதுபதி காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மண்டபச் சுவர்களில் உள்ள ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. இராமாயணக் காட்சிகளை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். நான் விருந்தினர்களை நிறுத்தி வைப்பது வேறு சுவர்களின் முன்னால்: இராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் வழங்கும் காட்சி, தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், தொப்பி அணிந்த ஐரோப்பியர்கள் மன்னரின் முன் நிற்கும் காட்சி. கடல் வணிகத்துக்காக இந்தக் கரைக்கு யார் வந்தார்கள் என்பதை எந்தப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. சுவரில் கை வைக்காதீர்கள் என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். பெரியவர்களிடம்தான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

வைகை கடலில் சேரும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் 1986-இல் தொடங்கித் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்து ரோமானியக் காசுகளையும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், கப்பல் கீறப்பட்ட ஓட்டையும் கண்டெடுத்தது. அங்கே நேரில் போனால் கருவேல மரங்களையும் மேட்டையும் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெரியபட்டினமும் அப்படித்தான்; சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்த அந்தத் துறைமுகம் இன்று தென்னந்தோப்பும் பள்ளிவாசலும் கொண்ட அமைதியான ஊர். முதலில் இராமநாதபுரத்தில் உள்ள அருங்காட்சியகம், பிறகு ஊர் என்ற வரிசையில் போனால் ஏமாற்றம் இருக்காது.

தெற்கே கீழக்கரைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அந்த வள்ளலின் ஊர் அது. அவர் கிழவன் சேதுபதியின் காலத்தவர், நண்பர். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்கிறவர்கள் முதலில் திகைக்கிறார்கள், ஏனென்றால் போதிகையும் பூவேலையுமாக அவை நம் கோயில் மண்டபத் தூண்களின் உடன்பிறப்புகள். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அங்குள்ள பொறுப்பாளர்களிடம் அனுமதி கேட்டு, உடலை மறைக்கும் ஆடையோடு போக வேண்டும். பெண்கள் எதுவரை செல்லலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளின் திண்ணைகளும் ஒடுக்கமான தெருக்களும் அழகானவைதாம், ஆனால் அவை பெண்கள் நடமாடும் குடும்பத் தெருக்கள். ஒளிப்படக் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள். திரும்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மாவோடு சேர்த்து, பெரிய வட்டையில் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்த பிறகு இறக்கும் பண்டம் அது. ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது என்பவர்கள் அரைக் கிலோ வாங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால், நகரத்தை ஒட்டிய, பறவைகள் சரணாலயமான சக்கரக்கோட்டைக் கண்மாயை விட்டுவிடாதீர்கள். 2025-இல் தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து அதற்கும், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. கண்மாய் வறண்ட ஆண்டில் அங்கே போவதில் பயனில்லை.

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. வனத்துறை நடத்தும் படகைத் தவிர, "தீவுக்குக் கூட்டிப் போகிறேன், காசு கொடுங்கள்" என்று கரையில் யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். பாம்பன் தெற்குவாடிக் கரையில் ஒருமுறை, என் கவனக்குறைவால், விருந்தினர் ஒருவரின் மகள் அலை ஒதுக்கிய வெள்ளைப் பவளத் துண்டொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அழகான கல் என்றுதான் நானும் நினைத்து விட்டுவிட்டேன். இறந்த பவளமானாலும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருப்பது குற்றம். சோதனைச் சாவடியில் பை திறக்கப்பட்டு, இரண்டு மணி நேரம் விளக்கம் சொல்லி, நான் கையெழுத்திட்டு வெளியே வந்தோம். அந்தக் குழந்தையின் அழுகை இன்றும் நினைவிருக்கிறது. கடைகளில் விற்கும் கடல் குதிரையையும் பவளத்தையும் வாங்குவதும் இதே கணக்கில்தான் சேரும்.

அதே கரையில் பாசி எடுக்கும் பெண்களைக் காணலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், முகத்தில் மூழ்குக் கண்ணாடியும் விரல்களில் துணிச் சுற்றும் கட்டிக்கொண்டு, பாறைகளுக்கு இடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அவர்கள் கரையேறும்போது குளிரில் நடுங்கிக்கொண்டு, உடை ஒட்டிய நிலையில் வருவார்கள். அந்த நேரம் படம் எடுப்பதற்குரியதல்ல. பாசி உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், கேட்டால் சொல்வார்கள்.

நீரில் இறங்குவதைப் பற்றி இரண்டு சொற்கள். அரிச்சல்முனையில் குளிக்கத் தடை இருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. இரண்டு கடல்களின் நீரோட்டமும் சேரும் இடத்தில் காலடி மணல் நின்ற நிலையிலேயே கரைந்துபோகும். வடகடலின் ஆழமற்ற சேற்றுப் பகுதிகளில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவுங்கள்.

இரண்டு இடங்களுக்கு நான் யாரையும் வேடிக்கை பார்க்க அழைத்துச் செல்வதில்லை. ஒன்று மண்டபம் அகதிகள் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதித்த இடம், பிறகு 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள் வந்து இறங்கிய இடம். வரலாறு கேட்டால் வண்டியில் வரும்போதே சொல்கிறேன், உள்ளே இருப்பது மக்களின் வீடு. மற்றொன்று ஏர்வாடித் தர்காவைச் சுற்றியுள்ள மனநோயாளர் தங்குமிடங்கள். தர்காவுக்கு எல்லா மதத்தினரும் போகலாம், போகிறார்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த ஊர் அது; நோயாளிகளைப் படம் எடுக்கக் கேட்கிறவர்களிடம், வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

வருவதாக முடிவு செய்தால் எந்த மாதம், எந்தக் கிழமை என்பதை முதலில் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முந்தைய நாள் மாலை காற்றைக் கேட்டுச் சொல்கிறேன்.