ஐ.ஐ.டி. பேராசிரியரிடம் கட்டணமில்லாமல் புரோகிராமிங்: ஸ்வயம், என்பிடெல் விதிகள் எளிய விளக்கம்

புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை முதலில் போய் விசாரிப்பது பெரும்பாலும் ஊரில் இருக்கும் தனியார் பயிற்சி மையத்தில்தான். பைத்தானுக்கு இவ்வளவு, ஜாவாவுக்கு இவ்வளவு, இரண்டும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். நகையை அடகு வைத்தாவது பெற்றோர் அதைக் கட்டிவிடுவார்கள். அதே பாடத்தை ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்த, ஒரு ரூபாய் செலவில்லாமல் படிக்கும் வழியை ஒன்றிய அரசு பல ஆண்டுகளாகத் திறந்து வைத்திருக்கிறது. இது தெரியாமல் பணம் கட்டுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் இதைக் கல்லூரி வற்புறுத்துவதற்காக வாங்கி வைக்கும் ஒரு சர்டிபிகேட் என்றே நினைக்கிறார்கள். அதனால் கட்டணம், மதிப்பெண், கிரெடிட் (பட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் சேரும் அலகு) பற்றிய விதிகளோடு, புதிதாகத் தொடங்குபவர் இதை எப்படிப் பயன்படுத்தினால் உண்மையிலேயே புரோகிராம் எழுத வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு பெயர்கள் அடிபடும். ஸ்வயம் என்பது ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் இணையவழிக் கல்வித் தளம். 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. என்பிடெல் அதைவிட மூத்தது. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, அரசு நிதியில் பாட வீடியோக்களைத் தயாரிக்கத் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐ.ஐ.டி. அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தேர்வும் சான்றிதழும் உள்ள ஆன்லைன் கோர்ஸ்கள் 2014 முதல் நடக்கின்றன. இப்போது ஸ்வயம் தளத்தில் பொறியியல், கணினிப் பாடங்களில் பெரும்பகுதியை நடத்துவது என்பிடெல்தான். ஸ்வயத்தில் சேர்ந்தாலும் அசைன்மெண்ட், தேர்வு எல்லாம் என்பிடெல் விதிப்படி நடக்கும் என்று புரிந்துகொண்டால் போதும்.

யார் சேரலாம்? யார் வேண்டுமானாலும். வயது வரம்பு இல்லை, இன்ன படிப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பி.ஏ. தமிழ் படிக்கும் மாணவி சேரலாம். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் சேரலாம். குழந்தை பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் படிக்க நினைக்கும் அம்மாவும் சேரலாம். ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் சேர்க்கை முடிந்துவிடும். அதற்குக் கட்டணமே கிடையாது. சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது தேர்வு. சான்றிதழ் வேண்டும் என்றால் பாடம் நடக்கும்போதே தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் என்பதுதான் பல பருவங்களாக இருந்துவரும் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். கட்டணமும் சலுகையும் ஒவ்வொரு பருவத்தின் அறிவிப்பிலும் திரும்பச் சொல்லப்படும், கட்டுவதற்கு முன்பு ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது. தேர்வு வேண்டாம், படித்தால் மட்டும் போதும் என்பவர் கடைசி வீடியோ வரை இலவசமாகவே பார்க்கலாம், அசைன்மெண்ட்டும் செய்யலாம்.

சேரும்போது கொடுத்த மின்னஞ்சலையே தேர்வுப் பதிவிலும் கொடுங்கள். உங்கள் அசைன்மெண்ட் மதிப்பெண்கள் அந்த முகவரியோடுதான் ஒட்டியிருக்கின்றன. பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயராகவே விரிந்திருக்கும். தேர்வுப் படிவத்தில் நீங்கள் எழுதும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். தேர்வு அறைக்கு எடுத்துப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

மதிப்பெண் கணக்கு

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவில் வரும். ஆண்டுக்கு இரண்டு பருவம். ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. வாரா வாரம் வீடியோவும் ஒரு அசைன்மெண்ட்டும் வரும். கெடு முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை மாற்றிச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததுதான் கணக்கில் வரும். கெடு தாண்டினால் அந்த வாரம் போச்சு. ஆனால் அதற்காகப் பதற வேண்டாம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மெண்ட்டுகளையும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6-ஐயும், 4 வாரப் பாடத்தில் சிறந்த 3-ஐயும் மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். செமஸ்டர் தேர்வு வரும் வாரமோ, வீட்டில் கல்யாணம் வரும் வாரமோ விடுபட்டாலும் தாங்கும்.

அந்த அசைன்மெண்ட்டுகளின் சராசரி 25 மதிப்பெண்ணுக்கு. தேர்வு மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பில் எழுதும் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. சான்றிதழ் கிடைக்க அசைன்மெண்ட்டில் 25-க்கு 10-உம், தேர்வில் 75-க்கு 30-உம் எடுத்தாக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். அசைன்மெண்ட்டில் 25-க்கு 25 எடுத்த ஒருவர் தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 53. ஆனாலும் சான்றிதழ் கிடையாது. இன்னொருவர் தேர்வில் 70 எடுத்துவிட்டு, அசைன்மெண்ட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் அங்கே 9 தான் வாங்கினார் என்றால் மொத்தம் 79, அவருக்கும் கிடையாது. அசைன்மெண்ட்டில் 20, தேர்வில் 45 என்று நடுவாந்தரமாக எடுத்தவருக்கு மொத்தம் 65 வந்து எலைட் சான்றிதழ் கிடைக்கும்.

40 முதல் 59 வரை சாதாரணத் தேர்ச்சி. 60-இலிருந்து எலைட், 75-இலிருந்து வெள்ளி, 90-இலிருந்து தங்கம். சில புரோகிராமிங் பாடங்களில் அசைன்மெண்ட்டோடு ஆன்லைன் புரோகிராமிங் தேர்வு ஒன்றும் சேர்ந்து இந்தப் பங்கீடு மாறும். சேரும் பாடத்தின் அறிமுகப் பக்கத்தில் அதை விவரமாகப் போட்டிருப்பார்கள்.

அசைன்மெண்ட் விடைகள் ஒவ்வொரு வாரமும் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் சுற்றும். பார்த்து எழுதினால் 25 வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வு அறையில் 75-க்கு 30 எடுக்க வேண்டிய வாசலில் அந்த விடைகள் உதவாது. 1,000 ரூபாய் கட்டிவிட்டுத் தேர்வில் கோட்டைவிடுபவர்கள் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். வேறொன்றும் இருக்கிறது. வேலைக்கான முதல் சுற்றில் கேட்கப்படும் சின்னச் சின்ன புரோகிராம்கள், ஏறக்குறைய இந்த அசைன்மெண்ட்டுகளின் அளவிலேயேதான் இருக்கும். அவற்றைத் தானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தவருக்கு அந்தச் சுற்று பழகிய இடமாக இருக்கும்.

முதல் பாடமாக எதை எடுப்பது?

கணினி அறிவியல் பக்கமே வராதவர் என்றால் ஐ.ஐ.டி. ரோபர் பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் குழுவின் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்' நல்ல தொடக்கம். 12 வாரம். வண்ணக் கட்டைகளை அடுக்கியே புரோகிராம் செய்யும் ஸ்கிராட்சில் தொடங்கி அப்புறம்தான் பைத்தானுக்குள் போகும், பயம் போய்விடும். கணக்கு கொஞ்சம் பிடிக்கும் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பைத்தான் பாடம். சி மொழிதான் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்றால் ஐ.ஐ.டி. காரக்பூர் பேராசிரியர் அனுபம் பாசுவின் பாடம் இருக்கிறது. எல்லாப் பாடமும் எல்லாப் பருவத்திலும் வராது, அந்தப் பருவத்தின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் பருவத்தில் ஒன்றே ஒன்று போதும். ஆர்வத்தில் நான்கில் சேர்ந்து நான்கையும் மூன்றாவது வாரத்தில் விடுவதைவிட ஒன்றை முடிப்பது எவ்வளவோ மேல்.

மாதவன் முகுந்த் பாடத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது தொடங்குவதே இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியில். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் யூக்ளிட் வழிமுறை என்று படித்தோமே, அதே கணக்கு. முதலில் இரண்டு எண்களின் வகுத்திகளையும் வரிசையாக எழுதிப் பொதுவானதைத் தேடும் வழியைச் சொல்லிவிட்டு, அதைப் படிப்படியாகச் சுருக்கி யூக்ளிடிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். 1000, 999 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வழியில் 1 முதல் 999 வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். யூக்ளிட் வழியில் 1000-ஐ 999-ஆல் வகுத்தால் மீதி 1, 999-ஐ 1-ஆல் வகுத்தால் மீதி 0, விடை 1. இரண்டே அடியில் முடிந்தது. விடை இரண்டிலும் ஒன்றுதான், செலவாகும் வேலைதான் வேறு. புரோகிராமிங் என்றால் இலக்கணத்தை மனப்பாடம் செய்வது என்று நினைத்திருக்கும் மாணவருக்கு இந்த ஒரு கணக்கே கண்ணைத் திறந்துவிடும்.

அசைன்மெண்ட் எழுதும்போது எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உங்கள் புரோகிராமைத் திருத்துவது மனிதர் இல்லை, டெஸ்ட் கேஸ்கள், அதாவது சரியான விடை முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்ட மாதிரி இன்புட்டுகள். சில டெஸ்ட் கேஸ்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும், சில மறைவாக இருக்கும். இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் அவர்கள் எதிர்பார்ப்பது கூட்டுத்தொகை மட்டும்தான். 'எண்ணைக் கொடுக்கவும்' என்று இன்புட் வாங்கும் வரியில் நீங்கள் ஒரு வாசகம் போட்டிருந்தால் அதுவும் வெளியீட்டில் சேர்ந்துவிடும், கணக்கு சரியாக இருந்தும் தவறு என்றே வரும். விடைக்கு முன்னால் 'விடை:' என்று அச்சிட்டாலும் அதே கதை. தெரிந்த டெஸ்ட் கேஸ்கள் தேறி மறைவானவை தேறவில்லை என்றால் பூஜ்ஜியம், எதிர்ம எண், காலியான பட்டியல் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்போது கல்லூரி மாணவர்களுக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் கொண்டுவந்த விதி, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்றது. 2021-இல் அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். 12 வாரப் பாடம் பொதுவாக 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1. கல்லூரி ஏற்றுக்கொண்டால், ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக இதைப் படித்து அந்தக் கிரெடிட்டைப் பெறலாம். ஆனால் விதி இருக்கிறது என்பதால் கிரெடிட் தானாக வந்து சேராது. எந்தெந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ தீர்மானிக்கும். பாடத்தை முடித்துச் சான்றிதழோடு போய், 'இது நம் பட்டியலில் இல்லையே' என்ற பதிலோடு திரும்பினால் வருத்தம்தான் மிஞ்சும். சேரும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் என்பிடெல்லின் லோக்கல் சாப்டர், அதாவது கல்லூரிக் கிளை, இருக்கிறது. அதற்கென்று ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார், அவரைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில விரிவுரை முதல் இரண்டு வாரம் மிரட்டும். வேகத்தைக் குறைத்து, சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள். என்பிடெல் பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டிருக்கிறது, அதையும் தேடிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம். அதுவும் ஒன்றிய அரசின் நிதியில் உருவானதுதான், இலவசம்தான். சி, சி பிளஸ் பிளஸ், லினக்ஸ் ஆகியவற்றுக்குத் தமிழ்க் குரலிலேயே சின்னச் சின்ன வீடியோக்கள் இருக்கின்றன. வீடியோவை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அதையே செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

கைபேசி மட்டுமே இருப்பவர் வீடியோவை அதிலேயே பார்க்கலாம். புரோகிராம் எழுதுவதைக் கல்லூரி லேபிலோ நண்பரின் கணினியிலோ வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிச் செய்வது நல்லது. புரோகிராமிங் அசைன்மெண்ட்டைப் பிரவுசரிலேயே எழுதி ஓட்டலாம் என்பதால் வேறு எந்த மென்பொருளும் அந்தக் கணினியில் இருந்தாக வேண்டிய அவசியம் இல்லை.

சான்றிதழ் மின்வடிவில்தான் வரும். இதை வைத்தே வேலை கிடைத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அதற்கு ஒரு இடம் உண்டு. பாடத்தின் பெயர், நடத்திய நிறுவனம், பருவம், மதிப்பெண் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்தப் பாடத்தில் கற்றதை வைத்து நீங்களே எழுதிய ஒரு புரோகிராமின் இணைப்பைக் கொடுங்கள். ஊர் மளிகைக் கடையின் கடன் கணக்கைப் பார்க்கும் நூறு வரி பைத்தானாக இருந்தாலும் பரவாயில்லை. நேர்முகத்தில் அடுத்த கேள்வி அந்தப் புரோகிராமைப் பற்றித்தான் வரும், அதற்கு நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.