கேப்சர் கார்டு வாங்கும் முன்: பெட்டியில் எழுதியிருப்பதும் கணினிக்கு வந்து சேர்வதும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ, பிளேஸ்டேஷனில் ஆடும் ஆட்டத்தையோ கணினியில் பதிவு செய்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, பென் டிரைவைவிடச் சற்றே பெரிய, ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ. துளையும் மறுபக்கம் யூ.எஸ்.பி. முனையும் உள்ள சிறிய கேப்சர் கார்டைத்தான். இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் இக்கருவியின் அட்டைப்பெட்டியில் ‘4கே’, ‘60 ஃபிரேம்’, ‘யூ.எஸ்.பி. 3.0’ என்று பளிச்சென்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கியவர்களில் சிலர் சில நாட்களிலேயே அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் போன்ற வீடியோ தொழில்நுட்பக்காரர்களைத் தேடி வருகிறார்கள். படம் தெளிவாக இல்லை, திரை கறுப்பாகவே நிற்கிறது, பேச்சும் வாயசைவும் பொருந்தவில்லை என்பவையே வழக்கமான புகார்கள். சோதித்துப் பார்த்தால் கருவியில் பழுது இருப்பது அரிது. கருவிக்குள் என்ன நுழையலாம் என்பதைத்தான் பெட்டி சொல்கிறதே தவிர, கணினிக்கு என்ன வந்து சேரும் என்பதை அது சொல்வதில்லை. தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இதைச் சிறு கணக்கு ஒன்றால் புரிந்துகொள்ளலாம். முழு எச்.டி. படத்தின் ஒரு ஃபிரேமில், அதாவது அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களில் ஒன்றில், 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. கேப்சர் கார்டுகள் சுருக்காமல் அனுப்பும் பொதுவான முறையில் ஒரு புள்ளிக்கு 2 பைட் தேவை. அப்படியானால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 4.15 மெகாபைட், வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 249 மெகாபைட், அதாவது கிட்டத்தட்ட 2 ஜிகாபிட். யூ.எஸ்.பி. 2.0 இணைப்பின் வேகமோ ஏட்டளவிலேயே வினாடிக்கு 480 மெகாபிட்தான். நடைமுறையில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஆகவே விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் எம்.எஸ். 2109 போன்ற சில்லு, ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு ஜேபெக் புகைப்படம்போலச் சுருக்கித்தான் கணினிக்கு அனுப்புகிறது. இந்தச் சில்லு 4கே படத்தை 30 ஃபிரேம் வரை உள்ளே வாங்கிக்கொள்ளும். வெளியே தருவது 1080பி, அதாவது முழு எச்.டி., 30 ஃபிரேம். பெட்டியில் உள்ள ‘4கே’ பொய் என்று சொல்ல முடியாது. அது வாசலின் அகலம், அவ்வளவுதான்.

சுருக்கத்தின் விளைவு எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி தெரியாது. செய்தி வாசிப்பவர் அமர்ந்து பேசும் காட்சியில் கண்ணுக்கே படாது. கார் பந்தய ஆட்டத்தில் சாலையோரப் புல்வெளி விரைந்து ஓடும்போதும், சிவப்பு எழுத்து கறுப்புப் பின்னணியில் வரும்போதும், ஓரங்கள் கலங்கிச் சிறு சிறு கட்டங்களாக உடைவது தெரியும். பிறகு அதை யூடியூபில் ஏற்றும்போது அங்கே இன்னொரு முறை சுருக்கப்படுவதால், முதலில் உடைந்த இடமே மேலும் உடையும்.

வாங்கிய கருவி எந்த வகை என்பதை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். யூ.எஸ்.பி. முனையின் உள்ளே நீல நிறம் இருப்பதை நம்ப வேண்டாம், உள்ளே 2.0 சில்லை வைத்துவிட்டு நீல முனை பொருத்தி விற்கும் கருவிகள் சந்தையில் ஏராளம். கருவியை இணைத்துவிட்டு, மேக் கணினியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் யூ.எஸ்.பி. பட்டியலைத் திறந்தால் அது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பது எழுதியிருக்கும். 480 மெகாபிட் என்றிருந்தால் அது 2.0, 5 ஜிகாபிட் என்றிருந்தால் 3.0. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருள் போதும். அதில் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ சேர்த்து, அதன் அமைப்புகளில் தெளிவுத்திறனை 1920 × 1080 என்று நாமே குறித்து, வீடியோ வடிவத்தைச் சுருக்கமில்லாத ஒய்.யூ.ஒய்.2-க்கு மாற்றிப் பாருங்கள். உண்மையான 3.0 கருவியில் படம் தடையின்றி ஓடும். 2.0 கருவியிலோ அந்த வடிவத்தில் வினாடிக்கு 5 ஃபிரேம்தான் கிடைக்கும். திரையில் கையை அசைத்தால் படம் தத்தித் தத்தி நகர்வதைக் கண்ணாலேயே எண்ணலாம். 3.0 கருவியை கணினியின் 2.0 துளையில் செருகியிருந்தாலும் இதேதான் நடக்கும் என்பதால், கருவியைக் குறை சொல்லும் முன் துளையையும் ஒரு தடவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதனால் மலிவான கருவிகள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கேமராவைக் கணினியோடு இணைத்து இணையவழி வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கும், வீட்டில் ஒரு பேட்டியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும் அது தாராளமாகப் போதும். வேகமான ஆட்டத்தை 60 ஃபிரேமில் பதிவு செய்து சேனல் நடத்த நினைப்பவர்தான், எல்காட்டோ, ஏவர்மீடியா போன்ற நிறுவனங்களின் உண்மையான 3.0 கருவிக்குப் பல மடங்கு கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும். கணினியிலேயே விளையாடுகிறவருக்கோ எந்தக் கருவியும் வேண்டியதில்லை; ஓ.பி.எஸ். தானே திரையைப் பதிவு செய்துவிடும். இதை அறியாமல் பணத்தைச் செலவழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

அடுத்தது கறுப்புத் திரை. செட்டாப் பாக்ஸையோ பிளேஸ்டேஷனையோ இணைத்தவுடன் ஒலியும் இல்லை, படமும் இல்லை என்றால், பெரும்பாலும் அது எச்.டி.சி.பி. என்னும் பூட்டு. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இம்முறையில், படத்தை அனுப்பும் பெட்டி, மறுமுனையில் இருப்பது உரிமம் பெற்ற திரைதானா என்று ரகசிய எண்களைப் பரிமாறிச் சரிபார்த்த பிறகே படத்தைப் பூட்டி அனுப்புகிறது. கேப்சர் கார்டு திரையல்ல, பதிவு செய்யும் கருவி. ஆகவே முறையாகத் தயாரித்த கார்டுகள் பூட்டிய படத்தைக் கணினிக்குக் கொடுப்பதில்லை. கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் கணிசமானவை ஒழுங்காகத் தம் வேலையைச் செய்தவைதான்.

விளையாட்டுப் பெட்டிகளில் இதற்கு நேர்மையான தீர்வு உண்டு. பிளேஸ்டேஷன் 3-இல் எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் படம் எப்போதும் பூட்டப்பட்டே வந்ததால், அக்காலத்தில் இந்தப் பூட்டு இல்லாத கம்போனன்ட் கேபிள் வழியாகத்தான் பதிவு செய்தார்கள். பிளேஸ்டேஷன் 4-க்கு 2014 ஏப்ரலில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’ என்பதற்குள் சென்று எச்.டி.சி.பி.யை நாமே அணைத்துவிடலாம். பிளேஸ்டேஷன் 5-இல் அதே ‘சிஸ்டம்’ பகுதிக்குள் ‘எச்.டி.எம்.ஐ.’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறது. அணைத்திருக்கும்போது நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் அப்பெட்டியில் ஓடா. படம் பார்க்க வேண்டுமானால் மீண்டும் இயக்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் மற்றவர்களிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது. எக்ஸ்பாக்ஸில் ஆட்டம் ஓடும்போது இந்தத் தொல்லை வருவதில்லை. நின்டெண்டோ ஸ்விட்சை அதன் ‘டாக்’ என்னும் தாங்கியில் வைத்தால்தான் தொலைக்காட்சிக்கான படம் வெளியே வரும். ஸ்விட்ச் லைட்டில் அந்த வெளியீடே கிடையாது என்பதை வாங்கும் முன் கவனிக்க வேண்டும்.

செட்டாப் பாக்ஸில் அப்படி அணைக்கும் வசதி இல்லை. இங்கேதான் சிலர், ஒரே படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் ‘ஸ்பிளிட்டர்’ ஒன்றை நடுவில் போட்டால் பூட்டு கழன்றுவிடும் என்று யோசனை சொல்வார்கள். அப்படிப் பொருத்திக் கொடுக்கும்படி கேட்டு வருகிறவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க வகை செய்கிறது. நோக்கம் என்ன என்று பின்னால் வாதாடிக்கொள்ளலாம் என்பவருக்கு நான் துணை போக வேண்டிய அவசியமில்லை.

பூட்டைத் தொடாமலே வேறு வழிகள் இருக்கின்றன. பல செட்டாப் பாக்ஸ்களில் யூ.எஸ்.பி. டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்யும் வசதி உண்டு. அந்தப் பதிவு பொதுவாக அதே பெட்டியில் மட்டுமே ஓடும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏ.வி. வெளியீடு பெட்டியில் இருந்தால், அதற்குரிய கேப்சர் கருவி வழியாக 720 × 576 அளவில் பதிவு செய்துகொள்ளலாம். அத்தகைய கருவிகளை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளித்தோற்றம் அச்சாக ஒன்றுபோலவே இருந்தாலும் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் டிரைவர், அதாவது கணினியில் அதை இயக்கும் மென்பொருள், வேறு. நண்பர் கணினியில் ஓடியது என்பதற்காக அவர் அனுப்பிய டிரைவரைப் போட்டால் உங்களுடையது ஓட வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மகள் பாடிய நிகழ்ச்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகிறது, எப்படியாவது பதிவு செய்து வைக்க வேண்டும் என்று வரும் பெற்றோர் உண்டு. சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பு உரிமையை மீறியதாகாது என்று அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அது பொருந்தும். பதிவு செய்ததைத் தம் சேனலில் ஏற்றுவது வேறு. ஒளிபரப்பாளரின் உரிமை, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள் நீடிக்கிறது. கிரிக்கெட் போட்டியின்போது திரையில் எங்கோ ஒரு மூலையில் சில எண்கள் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் செட்டாப் பாக்ஸுக்கோ அதில் செருகிய சந்தா கார்டுக்கோ உரிய எண். கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்குள் மறைத்து வைக்கும் முறையும் உண்டு. ஒரு போட்டியை யாராவது இணையத்தில் திருட்டுத்தனமாக ஓடவிட்டால், அது எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். சந்தாதாரர் பெயரில்தான் அந்தப் பெட்டி இருக்கிறது.

தொலைக்காட்சிப் பதிவில் அதிகம் தவறவிடப்படுவது ஃபிரேம் எண்ணிக்கை. நம் நாட்டு ஒளிபரப்பு வினாடிக்கு 25 ஃபிரேம் அல்லது 50 ஃபீல்டு (அரை ஃபிரேம்) என்ற கணக்கில் அமைந்தது, ஓ.பி.எஸ். நிறுவியவுடன் காட்டும் அளவோ 30 அல்லது 60. அப்படியே பதிவு செய்தால், திரையின் அடியில் ஓடும் செய்தி வரிகள் வினாடிக்குச் சில முறை தடுக்கித் தடுக்கிச் செல்லும். ஓ.பி.எஸ்.ஸின் வீடியோ அமைப்பில் 25 அல்லது 50 என்று மாற்றினால் அது நின்றுவிடும். நகரும் உருவங்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள்போலக் கோடுகள் தெரிந்தால், படம் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி, வருகிறது என்று பொருள்; ஓ.பி.எஸ்.ஸில் கருவியின் பெயர் மீது வலது சொடுக்குச் செய்து ‘டீஇன்டர்லேசிங்’ என்பதை இயக்கினால் போதும்.

ஆட்டக்காரர்களின் தொல்லை வேறு. கணினித் திரையில் தெரியும் படத்தைப் பார்த்தே விளையாட முயன்றால், பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையே தாமதம் உணரப்படும். எவ்வளவு விலை உயர்ந்த கார்டானாலும் இது முழுதாக நீங்காது. வந்த படத்தை அப்படியே தொலைக்காட்சிக்கு அனுப்பும் இன்னொரு எச்.டி.எம்.ஐ. துளை உள்ள கார்டாகப் பார்த்து வாங்கி, கண்ணைத் தொலைக்காட்சியில் வைத்து விளையாட வேண்டும். எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) இயங்கும் விளையாட்டுப் பெட்டியிலிருந்து பதிவு செய்த படம் சாயம் போன துணிபோல வெளிறித் தெரிந்தால், பெட்டியில் எச்.டி.ஆரை அணைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். எப்போதோ ஒரு முறை நல்ல கோல் ஒன்றை மட்டும் சேமிக்க விரும்புகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? பிளேஸ்டேஷன் 4 தானாகவே கடைசி 15 நிமிடங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. அதை 60 நிமிடங்கள் வரை கூட்டிக்கொள்ளவும் முடியும்.

ஒலியைப் பற்றி ஒன்று. முன்பு சொன்ன எம்.எஸ். 2109 சில்லு, 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியைத் தந்தபடியே, தான் தருவது 96,000 ஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் தவறாக அறிவிக்கும். அதனால் இடதும் வலதும் ஒன்றாகக் குழம்பிக் கேட்கும். ஸ்பீக்கரை மாற்றியும் கேபிளை மாற்றியும் இது சரியாகாது.

கடைசியாகக் கோப்பு. வினாடிக்கு 20 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 9 ஜிபி இடம் பிடிக்கும். ஃபேட்32 முறையில் அமைத்த டிஸ்க்கில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை எழுதவே முடியாது. சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் இரண்டு மணி நேரப் பதிவும் திறக்காத கோப்பாகிவிடும். எம்.கே.வி. வடிவத்தில் பதிவு செய்தால் மின்சாரம் நின்ற நொடி வரை உள்ளது தப்பிக்கும், பிறகு ஓ.பி.எஸ்.ஸின் ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘ரீமக்ஸ்’ வழியாக, தரம் குறையாமல் சில நொடிகளில் அதை எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மகளின் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நினைக்கும் பெற்றோர், முந்தைய நாள் அதே சேனலில், அதே நேரத்தில், பத்து நிமிடம் பதிவு செய்து, ஹெட்போன் போட்டு முழுவதும் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அன்று கறுப்புத் திரை வந்தாலும், சேனல் அலுவலகத்தில் பிரதி கேட்பதற்கு இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.