மனிதத்தன்மையற்றவனா, மனிதனல்லாதவனா?

டார்க் ஃபேன்டஸி, அதாவது இருளும் திகிலும் கலந்த மாயக் கற்பனைக் காதல் கதைகளின் தமிழாக்கங்களைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள். இருவரில் ஒருவன் சாபத்தாலோ கடிபட்டோ கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாகிக்கொண்டிருப்பான். சென்ற வாரம் வந்த வரைவில் ஒரு வரி: 'மனிதத்தன்மையற்ற அந்தக் கை அவன் கன்னத்தை மெல்ல வருடியது.' நகமெல்லாம் கறுத்து வளைந்துபோன கை. தூங்குகிறவன் முகத்தில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று விரல்களை மடக்கிக்கொண்டு புறங்கையால் தடவுகிறான். அந்தக் கைக்கா மனிதத்தன்மை இல்லை? ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'நான்-ஹியூமன்' (non-human). இதே பிழையை எத்தனை வரைவுகளில் திருத்திவிட்டேன்!

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. 'ஹியூமன்' லத்தீனின் 'ஹூமானுஸ்' வழி வந்தது. முன்னால் நிற்கும் 'நான்' அதே மொழியின் எதிர்மறைச் சொல். இரண்டும் சேர்ந்தால் மனித இனத்தைச் சேராத என்று பொருள். நல்லவனா கெட்டவனா என்று அச்சொல் எதுவும் சொல்வதில்லை. ஈவிரக்கமற்ற, கொடிய என்பதற்கு ஆங்கிலத்தில் 'இன்ஹியூமன்' என்று தனிச்சொல் இருக்கிறது. நம் செய்தித்தாள்கள் 'மனிதத்தன்மையற்ற செயல்' என்று எழுதுவது இதைத்தான். 'அமானுஷ்யம்' பிரித்துப் பார்த்தால் சரியான சொல்தான். ஆனால் தமிழில் அது பேய், ஆவி, மர்ம சக்தி என்று ஒதுங்கி வெகுநாளாயிற்று. வாலும் செதிலும் முளைத்த ஒருவனை அமானுஷ்யம் என்றால் வாசகர் அவனைத் தொடமுடியாத நிழலாக நினைத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பாளரிடம் பேசினேன். அவர் சொன்ன நியாயம் யோசிக்கத்தக்கது. 'அறுதல் என்றால் இருந்தது இல்லாமற்போவது. இவன் மனிதனாக இருந்தவன்தானே? அதனால்தான் அற்றவன் என்றேன்' என்றார். அறுதலுக்கு அவர் சொன்ன பொருளில் எனக்கு மறுப்பில்லை. அது எதோடு சேர்கிறது என்பதில்தான் சிக்கல். மனித உடல் அற்றது, மனித முகம் அற்றது என்று எழுதட்டும், ஒப்புக்கொள்கிறேன். 'மனிதத்தன்மை' என்றதும் தமிழர் காதில் விழுவது இரக்கம், மானம், மனசாட்சி. கதை முழுக்க எழுத்தாளர் கேட்பது ஒரே கேள்வி: உடல் போன பிறகும் அந்த அன்பு இவனிடம் மிஞ்சுமா? அதற்கான விடை கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்திலேயே 'மனிதத்தன்மையற்றவன்' என்று எழுதினால் விடையை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், அதுவும் தப்பான விடையை.

இங்கே வேண்டியது 'அல்' என்னும் அடி. இல்லை என்பது இன்மையைச் சொல்லும். அல்ல என்பது இது வேறு என்று பிரித்துக் காட்டும். ஆகவே 'மனிதனல்லாத', 'மனிதரல்லாத' என்பவையே நேர்ச்சொற்கள். இந்த 'அல்'லைத்தான் இலக்கணக்காரர்களும் எடுத்தார்கள். அல் + திணை = அஃறிணை. உயர்திணைக்கு எதிராகத் தாழ்திணை, இழிதிணை என்று பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே' என்கிறது தொல்காப்பியம். அவர் அல்லாத பிற, அவ்வளவுதான். இகழ்ச்சி துளியும் இல்லை.

அதற்காக எல்லா இடத்திலும் 'அஃறிணை' என்று போட்டுவிடவும் முடியாது. 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்பது நன்னூல், 261ஆம் நூற்பா. நரகத்தில் இருப்பவர்களே உயர்திணை! நரகப் பிறவியாக மாறுகிறவன் நன்னூல் எழுதிய பவணந்தியாரின் கணக்கில் திணை மாறுவதே இல்லை. ஓநாயாகவோ பாம்பாகவோ மரமாகவோ மாறினால்தான் அஃறிணையாகிறான். எனவே பொதுவாக 'மனிதனல்லாதவன்', விலங்கோ மரமோ ஆனால் மட்டும் 'அஃறிணையாதல்' என்பது என் முடிவு. பள்ளிக்கூட வாடை அடிக்கிறது என்கிறார்கள். பள்ளியில் எல்லோரும் படித்த சொல் என்பதே அதன் பலம் என்று நான் நினைக்கிறேன்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. உருமாற்றம் தொடங்கியதுமே 'அவன்' போய் 'அது' வந்துவிடுகிறது. 'அது அவனை முத்தமிட்டது.' காரணம் தெரிந்ததுதான். இருவரும் ஆண்கள், இருவரும் 'அவன்', ஒரு பத்தியில் நான்கு 'அவன்' வந்தால் யார் யாரைத் தொட்டார் என்று குழம்பும். அந்தக் குழப்பத்துக்கு 'அது' சுலபமான வழி. ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத வசதி தமிழில் இருக்கிறதே. யார் பார்வையில் காட்சி நகர்கிறதோ அவனை 'இவன்' என்றும் மற்றவனை 'அவன்' என்றும் எழுதலாம். 'தன்' என்று ஒரு சொல் இருக்கிறது. பெயரைச் சொல்லலாம். வினைமுற்றே ஆளைக் காட்டுவதால் எழுவாயை விட்டுவிடவும் செய்யலாம். இத்தனையும் இருக்க, காதலனை 'அது' ஆக்குவானேன்?

இலக்கணம் பார்த்தால் ஓநாய் 'அது'தானே என்பவர்களுக்கும் நன்னூலே பதில் வைத்திருக்கிறது. 379ஆம் நூற்பா: 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.' மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இவற்றால் பாலும் திணையும் மாறி வந்தாலும் தவறில்லை என்பது பொருள். தன் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொல்வதை உவப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பசுவுக்குக் கிடைக்கும் 'ஆள்' விகுதி, பத்து வருடம் கூட வாழ்ந்தவனுக்கு 'ஆன்' என்று கிடைக்கக் கூடாதா? துரத்தி வரும் ஊர்க்காரர்கள் அவனை 'அது' என்று கத்தட்டும். செறலும் இழிப்பும் அவர்களுடையவை. படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறவன் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது.

வரைவில் இன்னொரு வரி இருந்தது: 'அது மனிதன் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.' அதை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'அவன் மனிதன் அல்லன் என்று இவனுக்குத் தெரியும்.' 'அல்லன்' ஆண்பால், உயர்திணை. 'அல்லன் பழந்தமிழ், இல்லை என்றே இருக்கட்டுமே' என்று பதில் வந்தது. 'அவன்' இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தேன்.