மறுபயன்

ஒப்பந்தச் சட்டம் படிக்கத் தொடங்குபவருக்கு முன்மொழிவும் ஏற்பும் எளிதில் பிடிபட்டுவிடும். ஒருவர் ‘இதைத் தருகிறேன்’ என்கிறார், மற்றவர் ‘சரி’ என்கிறார். மூன்றாவதாக வரும் கன்சிடரேஷன்தான் காலை இடறிவிடும். அகராதியைப் புரட்டினால் கருதுதல், பரிசீலனை, கரிசனம் என்றெல்லாம் பொருள் கிடைக்கும். ஒப்பந்தத்தில் அவை எதற்கும் இடமில்லை. ஒரு வாக்குறுதியைப் பெற எதிர்த்தரப்பு கொடுக்கும் விலைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். விலை என்றால் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

உற்று நோக்கு, எண்ணிப்பார் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வாக்குத் தவறியவர் மீதான வழக்குகளில் ‘எதைக் கருதி இந்த வாக்கைக் கொடுத்தார்?’ என்ற கேள்வி முக்கியமாகியது. கருதியதைக் குறித்த சொல், நாளடைவில் கைமாறிய பயனையே குறிக்கத் தொடங்கிவிட்டது. 1875இல் கர்ரி எதிர் மிசா வழக்கு இதற்கு ஓர் இலக்கணம் தந்தது: ஒரு தரப்புக்குக் கிடைக்கும் உரிமையோ ஆதாயமோ, அல்லது மறுதரப்பு ஏற்கும் இழப்போ பொறுப்போ.

‘இழப்பு’ என்பது எவ்வளவு தூரம் நீளும்? 1891இல் நியூயார்க்கில் தீர்ப்பான ஹேமர் எதிர் சிட்வே வழக்கைப் பார்க்கலாம். 21 வயது வரை குடிக்காமல், புகைக்காமல், கெட்ட வார்த்தை பேசாமல், பணம் வைத்துச் சீட்டோ பில்லியர்ட்ஸோ ஆடாமல் இருந்தால் 5,000 டாலர் தருவதாக ஒருவர் தன் சகோதரரின் மகனிடம் சொன்னார். பையனும் அப்படியே இருந்தான். பணம் கைக்கு வருமுன் வாக்குக் கொடுத்தவர் காலமாகிவிட, அவருடைய சொத்தை நிர்வகித்தவர் தர மறுத்தார். குடிக்காமல் இருந்ததில் பையனுக்கு நன்மைதானே, அவன் எதை இழந்தான் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றம் ஏற்கவில்லை. செய்ய உரிமையுள்ள ஒன்றை, கேட்டுக்கொண்டதற்காகச் செய்யாமல் விட்டானே, அதுவே போதும் என்றது.

அளவும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1959இல் முடிந்த சாப்பெல் எதிர் நெஸ்லே வழக்கில், இசைத்தட்டு ஒன்றைப் பெற வாடிக்கையாளர் பணத்தோடு சேர்த்து அனுப்பும் மூன்று சாக்லேட் உறைகளும் அதன் விலையில் ஒரு பகுதிதான் என்று தீர்ப்பானது. வந்த உறைகளைக் கம்பெனி குப்பையில்தான் போட்டது!

சரி, தமிழில் என்ன சொல்வது? பிரதிபலன் என்றும் எழுதுகிறார்கள். பேச்சு வழக்கில் அது ‘விளைவு’ என்ற பக்கமும் சாய்ந்துவிடுகிறது. கைம்மாறு திருக்குறளிலேயே இருக்கும் அழகான சொல். ஆனால் இங்கே அது வழிதவறச் செய்யும். முன்பே பெற்ற உதவிக்குத் திருப்பிச் செய்வது கைம்மாறு. தீர்ப்புகளின் வழியே வளர்ந்த இங்கிலாந்தின் பொதுச்சட்டமோ (common law) முடிந்துபோன செயலைக் கணக்கில் கொள்வதில்லை. 1842இல் ரோஸ்கோர்லா எதிர் தாமஸ் வழக்கில், குதிரையை விற்று முடித்த பிறகுதான் ‘இதற்கு எந்தக் கெட்ட குணமும் இல்லை’ என்று விற்றவர் உறுதி சொன்னார். குதிரை முரட்டுக் குதிரையாக இருந்தது. ஆனாலும் அந்த உறுதிக்கென்று வாங்கியவர் புதிதாக எதுவும் தரவில்லை என்பதால் அது செல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இதில் கொஞ்சம் இளகியது: வாக்குக் கொடுப்பவரின் விருப்பப்படி முன்பே செய்ததையும் அதன் 2(d) பிரிவு ஏற்கிறது.

ஆகவே மறுபயன்தான் என் தேர்வு. ‘மறு’ என்பதில் எதிர்த்தரப்பிலிருந்து வருவது என்ற குறிப்பும், ‘பயன்’ என்பதில் பணம், பொருள், செயல், செயலைத் தவிர்த்தல் எல்லாம் அடங்கும் விரிவும் இருக்கின்றன. ‘மறுபயனற்ற வாக்குறுதி’ என்று எழுதினால், அதை வைத்துப் பொதுவாக வழக்காட முடியாது என்று பொருள். இங்கிலாந்தில் அதையே முறையான பத்திரமாக (deed), சாட்சியோடு எழுதிக் கொடுத்துவிட்டால் மறுபயன் இல்லாமலே செல்லும்.