சுங்கச்சாவடியில் நிற்கும் லாரி

ஒரு பாலம், அதன் முகப்பில் சுங்கச்சாவடி, எதிரே லாரிகளும் பேருந்துகளும் கலந்து நிற்கும் வரிசை. இன்று நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ (பொதுவான பகுதியை ஒருமுறை எழுதி, பல வகைகளுக்கும் பயன்படுத்துவது) என்ற யோசனை இந்தக் காட்சியை நிரலாக எழுத முயன்றபோது பிறந்ததுதான்.

ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கி வந்தார்கள். நிஜ உலக நடப்பைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கான மொழி அது. லாரிக்குச் சரக்கு உண்டு, பேருந்துக்குப் பயணிகள் உண்டு. விவரங்கள் வேறு வேறு. ஆனால் நிற்பது ஒரே வரிசையில். ‘எனக்கு முன்னால் யார், பின்னால் யார்’ என்பது இரண்டுக்குமே தெரிந்தாக வேண்டும். 1966 டிசம்பரில் அவர்களுக்கு வழி புலப்பட்டது: வரிசையில் நிற்கும் பகுதியை ஒரே ஒருமுறை எழுதி, அதை லாரிக்கும் பேருந்துக்கும் முன்னொட்டாக ஒட்டிவிடலாம். சிமுலா 67 அப்படித்தான் உருவானது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-க்கு இருவருக்கும் கிடைத்தது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது, அவர்கள் கண்டுபிடித்த பொதுத்தன்மை சக்கரமோ எஞ்சினோ இல்லை என்பதுதான். வரிசையில் நிற்பது! நான் முதன்முதலில் எழுதிய வாகன கிளாஸில் (ஒரு வகைப் பொருளுக்கு என்னென்ன உண்டு என்று நிரலில் எழுதும் வரையறைதான் கிளாஸ்) நிறம், கம்பெனி, டயர் அளவு என்று இருபது விவரங்கள் இருந்தன. நிரலுக்குத் தேவைப்பட்டது மூன்றே மூன்று. வண்டியைப் பார்த்து எழுதினேன். கேள்வியைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

‘இன்னொரு கவுண்டர் திறந்தால் வரிசை எவ்வளவு குறையும்?’ என்பது கேள்வியானால், வண்டி வந்து சேர்ந்த நேரம், அதன் வகை, பணம் கட்ட ஆகும் நேரம், இவை போதும். அதே பேருந்து பணிமனை நிரலில் ஓடிய கிலோமீட்டரும் ஆயில் மாற்றிய தேதியும்தான். முன்பதிவு நிரலில் வெறும் இருக்கைகள். பேருந்து ஒன்று, நிரலுக்குள் அதைக் குறிக்கும் ஆப்ஜெக்ட் மூன்று. மூன்றையும் ஒரே கிளாஸில் திணித்தால், பணிமனைக்காகச் செய்த மாற்றம் முன்பதிவைக் கெடுக்கும்.

அடுத்தது, கட்டணத்தை யார் கணக்கிடுவது? நிஜத்தில் லாரி வாய் திறக்காது. கவுண்டரில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்வார். நிரலிலும் ‘லாரியானால் இவ்வளவு, பேருந்தானால் இவ்வளவு’ என்று எழுதிக்கொண்டே போகலாம். நாளை டிராக்டர் வந்தால் அப்படி எழுதிய இடத்தையெல்லாம் தேடித் திருத்த வேண்டும். மாறாக, ஒவ்வொரு வண்டியிடமும் ‘உன் கட்டணம் என்ன?’ என்று கேட்கலாம். லாரி தன் சக்கர அச்சுகளை எண்ணிச் சொல்லும், பேருந்து தன் கணக்கைச் சொல்லும். சிமுலா 67-லேயே இதற்கு வசதி இருந்தது. ஆனாலும் சுங்கச்சாவடி விஷயத்தில் நான் விலைப்பட்டியலைச் சாவடியிடமே விடுவேன். வண்டி அச்சு எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும். புதுவகை வண்டி என்றோ ஒருநாள்தான் வரும், கட்டணம் அடிக்கடி மாறும்.

இப்போது ஓர் ஆம்புலன்ஸ் வருகிறது. அதுவும் வாகனம்தான். ஆனால் ‘வாகனம் என்றாலே வரிசையில் நிற்கும்’ என்று எழுதி வைத்திருந்தால், நோயாளியோடு அதுவும் லாரிக்குப் பின்னால் நிற்கும். அதனால்தான் இன்று பலர் வரிசையை வண்டியோடு ஒட்டாமல், ‘வரிசைச் சீட்டு’ போலத் தனி ஆப்ஜெக்டாக வைக்கிறார்கள். எந்த வண்டிக்குரியது, முன்னால் யார், பின்னால் யார் என்பதெல்லாம் சீட்டில் இருக்கும். லாரி சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கும். ஆம்புலன்ஸ் சீட்டே வாங்காமல் பாலத்தைக் கடந்துவிடும்.