மண்ணுக்குள் தங்கும் தண்ணீர்

சுடுதண்ணீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில நேரம் அது தானாகவே வழுக்கிக்கொண்டு ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கும். பேய் பிசாசு எதுவும் இல்லை. உள்ளே மாட்டிய காற்று டம்ளரின் சூட்டில் விரிந்து, டம்ளரைக் கொஞ்சம் மேலே தூக்குகிறது. எடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கைக் காற்று சுமப்பதால், விளிம்பு மேடையை அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். கண்ணுக்குத் தெரியாத சிறு சாய்வே போதும், டம்ளர் கிளம்பிவிடும்.

ஐப்பசி அடைமழையில் நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி மலைகளில் நிலச்சரிவாக நடப்பதும் இதுதான். அங்கே காற்றின் இடத்தில் தண்ணீர், டம்ளரின் இடத்தில் பல நூறு டன் மண்.

நீலகிரியின் எலும்பு சார்னோகைட் என்னும் கரும்பாறை. மழையும் வெயிலும் பல லட்சம் ஆண்டுகளாக அதை மேலிருந்து கரைத்து மண்ணாக்கியிருக்கின்றன. சாலை வெட்டிய இடத்தில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தாலே அடுக்குகள் தெரியும். மேலே செம்மண், அதில் தண்ணீர் சுலபமாக இறங்கும். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக வழவழப்பான களிமண். அதற்கும் அடியில் பாறை. நடுநடுவே, முழுதாக மக்கிப்போகாத உருண்டைக் கற்கள் பலாப்பழத்துக்குள் கொட்டை மாதிரி பதிந்து கிடக்கும். செம்மண் குடித்த தண்ணீர் களிமண்ணுக்கு வந்ததும் வேகமாக இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. மேலேயிருந்து இன்னும் தண்ணீர் வருகிறது. அந்த எல்லையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

ஈரமே ஆபத்து என்றும் சொல்ல முடியாது. புட்டு மாவு பிசைந்தவர்களுக்குத் தெரியும்: உலர்ந்த மாவு உதிரும், பதமாகத் தெளித்த மாவு பிடித்தால் பிடி நிற்கும், அதற்கு மேல் ஒரு கை தண்ணீர் விட்டால் கூழ். பதமான ஈரத்தில், துகள்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது; பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரே துகள்களைப் பிரித்துத் தள்ளத் தொடங்குகிறது. கோடையில் செங்குத்தாக வெட்டிய மண் சுவர் போல நிற்பதைப் பார்த்து, ‘கெட்டி மண்ணுங்க, ஒண்ணும் ஆகாது’ என்று நம்பிவிடுகிறோமே, அந்தக் கெட்டியில் பாதி இந்த இழுவைதான். கார்த்திகையில் அது இருக்காது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போடலாம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 5 சென்ட் மனை ஏறக்குறைய 202 சதுர மீட்டர். ஒரு நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தால் வானிலைத் துறை அதை ‘அதி கனமழை’ என்கிறது. அப்படிப்பட்ட நாளில் அந்த 5 சென்ட்டில் மட்டும் 41,000 லிட்டருக்கு மேல் விழும், அதாவது நாலு லாரித் தண்ணீர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பதிவானது. அந்த ஊர்ப் பெயரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய சரிவை வைத்து வெள்ளைக்காரர்கள் இட்டது.

அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்கு. மாவட்டத்தின் பெரிய சாவுகள் பெரும்பாலும் இரண்டாவது மழையில் நேர்ந்தவை. 1978 நவம்பரில் மலை முழுக்கச் சரிவுகள். 1990 அக்டோபரில் கெத்தையில் முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் புதைந்தன. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலையையே சரிவு கொண்டுபோனது. 2009 நவம்பரில் மூன்று நாளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் வருவதற்குள் மண் ஏற்கெனவே ஒரு மழைக்காலத்தைக் குடித்திருக்கும் என்பது முக்கியம். அன்றைய மழையை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயில் அடித்தபின் சரிவதும் உண்டு, மேலிருந்து ஊறி வரும் தண்ணீர் தாமதமாகத்தானே வந்து சேரும்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிலச்சரிவுக்குக் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) திட்டுவது இங்கே ஒரு வழக்கம். சோலையும் புல்வெளியும் போனது பெரிய இழப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேர் பிடித்துக்கொள்வது தன் ஆழம் வரைதான். வழுக்கும் களிமண் அதற்குக் கீழே இருந்தால் மரமும் நின்ற நிலையிலேயே மண்ணோடு சேர்ந்து இறங்கும்.

சரிவின் அடியை வெட்டுவதைத்தான் நான் அதிகம் குறை சொல்வேன். மலைச்சரிவு தன் காலை ஊன்றி நிற்கிறது. நாம் ஜேசிபி வைத்து அந்தக் காலைப் பத்தடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி, கிடைத்த சமதளத்தில் வீடு கட்டுகிறோம். வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி அதன் மேல் போர்ட்டிகோ. பின்னால் சமையலறைக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். அங்கே ஒரு தடுப்புச் சுவர்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சுவர் எழுப்பும்போது, ஓட்டை விடச் சொன்னேன். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

‘ஓட்டை வெச்சா சுவரு பலம் போயிருங்க.’

‘வெக்கலைன்னா தண்ணி எங்கங்ண்ணா போகும்?’

‘அது மண்ணுக்குள்ளயே போயிருங்க.’

போகத்தான் போகும், பிரச்சினையே அதுதான். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுதாக நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 4.5 டன் விசையோடு தள்ளும். இது தண்ணீரின் பங்கு மட்டும், மண்ணின் பங்கு தனி. எந்தக் கொத்தனாரும் அந்தத் தள்ளலுக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவதில்லை. 3 அங்குல பிவிசி குழாயைத் துண்டு போட்டு, நாலைந்து அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பதித்தால் போதும். குழாய்க்குப் பின்னால் ஜல்லி போட வேண்டும், இல்லாவிட்டால் மண் வந்து அடைத்துக்கொள்ளும். இதைவிட மலிவான உயிர்காப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதற்கு அடுத்தது கூரைத் தண்ணீர். 800 சதுர அடி ஷீட்டில் 100 மி.மீ. மழை பெய்தால் 7,400 லிட்டர் ஒரே மூலையில் கொட்டுகிறது. அதைக் குழாயில் பிடித்து, சிமெண்ட் பூசிய கானில் விட்டு, ஓடை வரை கொண்டுபோக வேண்டும். (வாய்க்காலைக் கான் என்பது சிலோனிலிருந்து வந்த தோட்டத்து மக்களின் சொல். மழைக்கு முன்னால் கான் வாருவது அவர்களுக்குப் பழக்கம்.) கழிவுநீர்க் குழியைச் சரிவின் மேல்பக்கம் வைப்பது இன்னொரு தவறு. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 400 லிட்டர் மண்ணுக்குள் இறங்கினால், 5 சென்ட்டுக்கு அது தினமும் 2 மி.மீ. மழைக்குச் சமம், ஆண்டுக்கு 700 மி.மீ.க்கும் மேல். அந்த மழைக்கு விடுமுறையே கிடையாது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர், அதனால் மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் பேசி முடிப்பது தனிக் கலை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், கலிம்போங் ஆகியவற்றோடு நீலகிரியும் முதலில் முன்னறிவிப்பு பெறத் தொடங்கிய மாவட்டங்களில் ஒன்று. நல்ல காரியம். ஆனாலும் உங்கள் வீட்டுப் பின்சுவர் கொல்கத்தாவுக்குத் தெரியாது. நீலகிரியில் ஒரு முகடு தாண்டினால் மழை வேறு. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலால் அளந்து, காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் எழுதினால், எந்த அளவுக்கு மேல் உங்கள் கானில் தண்ணீர் கலங்குகிறது என்பது உங்களுக்கே பிடிபடும்.

சரிவு வருமுன் மலை சில குறிகளைக் காட்டும். நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் முட்டும். மின்கம்பம் சாயும். மேட்டில் பிறை வடிவத்தில் வெடிப்பு விழும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் யோசிக்கவே வேண்டாம், மேலே எங்கோ மண் விழுந்து அணை கட்டியிருக்கிறது; அது உடையும்போது சேறும் பாறையும் மனிதன் ஓடுவதைவிட வேகமாக வரும். ஓடையின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். போகிற போக்கில் மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.

பத்திரமும் மாத்திரையும் டார்ச்சும் கம்பளியும் ஒரு பையில் இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077 சுவரில் எழுதியிருக்கட்டும். சாலை நாள்கணக்கில் துண்டிக்கப்படும் ஊர் இது, அரிசியும் பருப்பும் ஒரு வாரத்துக்கு இருந்தால் நல்லது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதிகம் பேர் சொல்லாதது ஒன்று: கனமழை இரவில் மலைப்பக்க அறையில் படுக்காதீர்கள். தடுப்புச் சுவர் விழுந்தால் முதலில் நிரம்புவது அந்த அறைதான். எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்ததும் பாட்டியின் கட்டில் முன்னறைக்கு வந்துவிடும், டிவி பார்க்க வசதி என்று அவருக்கும் மகிழ்ச்சி.

கொத்தனார் கடைசியில் இறங்கி வந்தார். ஆறு ஓட்டைகள் வைத்தோம். போன நவம்பர் மழையில் முதல் நாள் ஆறிலும் செந்நிறமாக வந்தது. மறுநாள் ஐந்தில் தெளிந்துவிட்டது. தெளிந்து வந்தால் தண்ணீர் மட்டும் வடிகிறது. கலங்கி வந்தால் பின்னால் மண்ணும் கரைகிறது, அங்கே பொந்து விழுகிறது என்று பொருள். மூன்றாவது ஓட்டையில் ஒரு வாரமாகியும் சிவப்பாகத்தான் வந்தது. தை மாதம் மேலிருந்து தோண்டிப் பார்த்தபோது அந்த இடத்தில் மட்டும் ஜல்லியே போடவில்லை. இரண்டு பாண்டு ஜல்லி பிடித்தது.